மிச்சமான பெட்ரோல் எங்கே போனது?

1908-ல் வந்த ஃபோர்டின் மாடல் டி கார், லிட்டருக்கு ஐந்தரை முதல் ஒன்பது கிலோமீட்டர் வரை ஓடியது. 1975-ல் அமெரிக்காவில் விற்ற புதுக் கார்களின் சராசரி மைலேஜ், அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி, லிட்டருக்கு 5.6 கிலோமீட்டர். நடுவில் ஓடிப்போனது அறுபத்தேழு வருடம். 2023-ல் அதே சராசரி 11.5.

இரண்டு மடங்காகிவிட்டதே, அப்புறம் என்ன குறை என்று கேட்கலாம். அந்த ஏற்றம் எப்போது நடந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். 1975-லிருந்து 1987 வரை, பன்னிரண்டே வருடத்தில், 5.6 என்பது 9.4 ஆகிவிட்டது. அதற்கப்புறம் இறங்க ஆரம்பித்து, 2004-ல் 8.2-க்கு வந்து நின்றது. கார்புரேட்டர் ஒழிந்து, கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வந்தது, சிலிண்டருக்கு நான்கு வால்வு வந்தது, கியர்பாக்ஸில் ஐந்தாவது, ஆறாவது கியர் வந்தது எல்லாம் பரவலானது இந்தப் பதினேழு வருடத்தில்தான். இன்ஜின் முன்னேறிக்கொண்டே போயிருக்கிறது. மைலேஜ் பின்னால் போயிருக்கிறது.

இதற்கு ஊரில் ரெடிமேடாக ஒரு பதில் உண்டு. லிட்டருக்கு நூறு கிலோமீட்டர் கொடுக்கும் கார்புரேட்டரை யாரோ எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள், எண்ணெய்க் கம்பெனிகள் அதை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டன என்பது. 1930-களில் கனடாக்காரர் ஒருவர் காப்புரிமை வாங்கிய கார்புரேட்டரைச் சுற்றி இந்தக் கதை இன்னும் உலவுகிறது. 1996-ல் மூலிகை பெட்ரோல் என்று தமிழ்நாடே பேசிக்கொண்டிருந்ததே, அதுவும் இதே ஆசையின் இன்னொரு வடிவம்தான். கார்புரேட்டர் கதை பொய் என்பதற்குத் துப்பறிய வேண்டியதில்லை. நல்ல நிலையில் இருக்கும் பெட்ரோல் இன்ஜின், உள்ளே போகும் பெட்ரோலில் கிட்டத்தட்ட முழுவதையும் எரித்துவிடுகிறது. எரியாமல் வீணாவது இரண்டு, மூன்று சதவீதம். கார்புரேட்டரை எப்படி மாற்றினாலும் அந்த இரண்டு, மூன்றுக்கு மேல் மிச்சம் பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. நஷ்டம் எல்லாம் எரிந்த பிறகு நடக்கிறது.

எவ்வளவு நஷ்டம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். சமதளமான நான்கு வழிச் சாலை. ஒரு டன் எடையுள்ள சாதாரண ஹேட்ச்பேக் கார் எண்பதில் சீராகப் போகிறது. அதைப் பிடித்து இழுப்பவை இரண்டுதான்: முன்னால் காற்று, கீழே டயர். காற்றின் எதிர்ப்பு சுமார் 200 நியூட்டன். டயர் உருளும்போது நசுங்கி நிமிர்வதால் வருவது சுமார் 110. இரண்டும் சேர்ந்து 310. இதை எதிர்த்து எண்பதில் ஓட 7 கிலோவாட் போதும், அதாவது ஒன்பது குதிரைத் திறன் சொச்சம். நூறு, நூற்றிருபத்தைந்து சிசி பைக் இன்ஜின் கொடுக்கிற திறன்தான் இது. ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் ஆற்றல் 0.31 மெகாஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் இருப்பதோ சுமார் 32 மெகாஜூல். வகுத்துப் பாருங்கள், லிட்டருக்கு நூறு கிலோமீட்டர் வர வேண்டும்.

வருவது இருபது, இருபத்திரண்டு. ஐந்தில் நான்கு பங்கு ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாகவே வெளியே போய்விடுகிறது. இதில் பெரும் பகுதியை எந்தக் கொம்பனாலும் தடுக்க முடியாது. வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த இன்ஜினும் ஒரு பங்கை வெளியே விட்டே ஆக வேண்டும் என்பதை சாடி கார்னோ என்ற பிரெஞ்சு இன்ஜினியர் 1824-லேயே எழுதி வைத்துவிட்டார். இன்றைய பெட்ரோல் இன்ஜினுக்கு மூலமான, நிக்கோலஸ் ஆட்டோ என்ற ஜெர்மானியரின் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஓட ஆரம்பித்தது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1876-ல்.

தடுக்க முடிந்த பங்கைத்தான் நூறு வருடமாகச் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் முதல் வழி, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை எரிப்பதற்கு முன் எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்குவது. இந்த அமுக்க விகிதம் மாடல் டி இன்ஜினில் நான்கு சொச்சம். ஏட்டுக் கணக்கில், நான்கு மடங்கு அமுக்கினால் வெப்பத்தில் 43 சதவீதத்தை வேலையாக மாற்றலாம். எட்டு மடங்கு என்றால் 56. பன்னிரண்டு என்றால் 63. நிஜ இன்ஜினில் கிடைப்பது இதில் பாதி, மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் ஏட்டுக் கணக்கிலேயே தெரிகிறது பாருங்கள்: நான்கிலிருந்து எட்டுக்குப் போனபோது 13 புள்ளி கிடைத்தது, அடுத்த நான்குக்குப் பாதிதான் கிடைக்கிறது. சுலபமானதெல்லாம் தாத்தா காலத்திலேயே எடுத்தாயிற்று.

அதோடு, ஓர் அளவுக்கு மேல் அமுக்கினால் ஸ்பார்க் பிளக் தீப்பொறி முழுதும் பரவுவதற்குள் கலவை தானாகவே வெடிக்கிறது. ‘நாக்கிங் வருது’ என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். விட்டால் பிஸ்டனையே ஓட்டை போட்டுவிடும். 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார். ஈயம் கலந்த ஒரு சேர்மத்தைப் பெட்ரோலில் சொட்டுச் சொட்டாக விட்டால் நாக்கிங் அடங்கிவிடும். அந்த ஈயத்தை நம்பித்தான் 1960-களில் அமுக்க விகிதம் பத்துக்கு மேல் போனது. அந்த ஈயம்தான் உலகம் முழுக்கக் குழந்தைகளின் ரத்தத்திலும் போய்ச் சேர்ந்தது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை ஈயம் கெடுத்துவிடும் என்பதால், எழுபதுகளில் அமெரிக்கா ஈயத்தைக் குறைக்கத் தொடங்கியபோது அமுக்க விகிதத்தையும் எட்டு வரை இறக்க வேண்டி வந்தது. விட்டதைப் பிடிக்க முப்பது வருடம் ஆயிற்று. இது நஷ்டக் கணக்கில் எழுத வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஈயம் போனதற்கு இன்னும் கூடுதலாக விலை கொடுத்திருந்தாலும் தகும்.

இரண்டாவது இடைஞ்சல் காலுக்கடியிலேயே இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினால் பெட்ரோல் மட்டும் குறைவதில்லை, காற்று போகும் வழியையும் ஒரு தகடு பாதி அடைக்கிறது. பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதம் மாறக் கூடாது. ஒன்றைக் குறைத்தால் மற்றதையும் குறைத்தாக வேண்டும். அடைத்த வழியாகக் காற்றை உறிஞ்ச பிஸ்டன் படும் பாடே தனி நஷ்டம். மேலே சொன்ன காருக்கு எண்பதில் ஒன்பது குதிரைத் திறன் போதும், அதில் இருப்பதோ எண்பது குதிரைத் திறன் இன்ஜின். வாழ்நாளில் பெரும்பகுதி அது பாதி மூச்சை அடைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. நல்ல பாரத்தில் உழைக்கும்போது 35 சதவீதத்துக்கு மேல் திறன் காட்டும் இன்ஜின், ஊருக்குள் இருபதுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. சிக்னலில் நிற்கும்போது சுத்தமாகப் பூஜ்யம். டீசலுக்கு இந்தத் தகடு தொல்லை இல்லை. டீசல் வண்டி கூடுதல் மைலேஜ் கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் காற்றை அதிகமாக விட்டு, பெட்ரோலை மட்டும் குறைத்து எரிக்கலாமே? செய்து பார்த்தார்கள். 1992-ல் ஹோண்டா சிவிக் விஎக்ஸ் இப்படித்தான் மைலேஜில் பெயர் வாங்கியது. ஆனால் 14.7 என்ற விகிதத்தை விட்டு விலகினால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரால் நைட்ரஜன் ஆக்சைடுகளை உடைக்க முடியாது. கலிஃபோர்னியாவின் புகை விதிகளுக்காக அதே காரை மைலேஜ் குறைத்து விற்க வேண்டி வந்தது. புகை விதி இறுக இறுக, இந்த வழி மெல்ல அடைபட்டுப் போனது. சிலிண்டர்களில் சிலவற்றைத் தேவையில்லாதபோது அணைத்து வைக்கும் யோசனையும் புதிதில்லை. 1981-லேயே காடிலாக் அதை எட்டு, ஆறு, நான்கு என்று மாறும் இன்ஜினாக விற்றது. அன்றைய கம்ப்யூட்டரால் அந்த மாற்றத்தைச் சமாளிக்க முடியாமல், வாங்கியவர்கள் அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டு எட்டிலேயே ஓட்டினார்கள். அது உருப்படியாக வேலை செய்யக் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒவ்வொரு சதவீதத்துக்கும் இப்படித்தான் முட்டி மோத வேண்டியிருக்கிறது. டொயோட்டா ப்ரியஸின் இன்ஜின் 2009-ல் 38.5 சதவீதம் வெப்பத் திறன் காட்டியது. 2015-ல் வந்த அடுத்த தலைமுறை 40. உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்று, இதையே குறியாக வைத்து ஆறு வருடம் உழைத்து எடுத்தது ஒன்றரைப் புள்ளி.

சரி, இயற்பியல் கஷ்டம்தான். ஆனால் மெதுவாக ஏறியதற்கு இயற்பியல் காரணம் சொல்லலாமே தவிர, 1987-லிருந்து 2004 வரை இறங்கியதற்கு அதைக் காரணம் சொல்ல முடியாது. அதற்குச் சட்டத்தையும் சந்தையையும்தான் பார்க்க வேண்டும்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் கொடுக்க மறுத்தபோது அமெரிக்காவில் பங்க் வாசலில் கார்கள் வரிசை கட்டி நின்றன. 1975 டிசம்பரில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம், ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் 1985-க்குள் காலனுக்கு 27.5 மைலை எட்ட வேண்டும் என்றது. நம் கணக்கில் லிட்டருக்கு 11.7 கிலோமீட்டர். அது ஆய்வக அளவு, சாலை அளவு அதைவிடக் குறைவு. சட்டம் வேலை செய்தது. கார்கள் சிறுத்தன, எடை குறைந்தது, முன்சக்கர இழுப்புக்கு மாறின. 1975-ல் சுமார் 1,840 கிலோவாக இருந்த சராசரி எடை 1981-ல் 1,450 ஆனது. சராசரித் திறன் 137-லிருந்து 100 குதிரைத் திறன் பக்கம் இறங்கியது.

அப்புறம் எண்ணெய் விலை விழுந்தது. 1985-க்கு விதித்த 27.5 என்ற அளவை, நடுவில் நான்கு வருடம் குறைத்துக் கொடுத்ததைத் தவிர, 2010 வரை யாரும் தொடவே இல்லை. கால் நூற்றாண்டு! தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்க நாடாளுமன்றம், இந்த அளவை உயர்த்துவதற்குப் போக்குவரத்துத் துறை பணமே செலவழிக்கக் கூடாது என்று வருடா வருடம் பட்ஜெட்டில் ஒரு வரி சேர்த்தது. உயர்த்தலாமா என்று ஆராய்வதற்குக்கூட அனுமதி இல்லை. பெட்ரோல் மீதான மத்திய வரி காலனுக்கு 18.4 சென்ட் என்று 1993-ல் வைத்தார்கள்; இன்றும் அதே 18.4 சென்ட்தான்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று சட்டத்தின் உள்ளேயே இருந்தது. விவசாயியும் தச்சரும் ஓட்டும் சின்ன லாரிகளுக்கு இத்தனை கறார் வேண்டாம் என்று ‘இலகு டிரக்’ என ஒரு தனி வகையை வைத்து, அதற்கு இருபது மைல் சொச்சம் போதும் என்றார்கள். 1975-ல் விற்ற வண்டிகளில் ஐந்தில் ஒன்றுதான் அந்த வகை, பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது. கம்பெனிகள் என்ன செய்யும்? பிக்கப் டிரக்கின் சேஸியில் பின்சீட்டையும் கூரையையும் ஏற்றி, குடும்பத்துக்கு விற்றன. எஸ்யூவி என்று நாம் சொல்வதன் பிறப்பு ரகசியத்தில் பாதி இதுதான். வெளிநாட்டு டிரக்குகளுக்கு 1964 முதலே 25 சதவீத இறக்குமதி வரி இருந்ததால், அந்தச் சந்தையில் பெரிய போட்டியும் இல்லை, லாபமும் கொழித்தது.

ஓட்டை எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு கார் போதும். 2004-ல் சுபாரு தன் அவுட்பேக் காரின் தரை உயரத்தைக் கொஞ்சம் தூக்கி, பம்பரை மாற்றி, சட்டப்படி அதை ‘டிரக்’ ஆக்கிக்கொண்டது. வேனோ எஸ்யூவியோ அல்ல, அதில் ஒரு வகை சாதாரண செடான். இன்னொரு பக்கம், சரக்கோடு சேர்த்து 3,850 கிலோவுக்கு மேல் போகும் வண்டிக்கு அப்போது இந்தச் சட்டமே கிடையாது. ஹம்மர் எச்2 அந்தக் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது; ஷோரூமில் மைலேஜ் ஸ்டிக்கர்கூட ஒட்ட வேண்டியிருக்கவில்லை. எரிபொருளை மிச்சப்படுத்த எழுதிய சட்டம், வண்டியை இன்னும் கனமாக்குவதற்குப் பரிசு கொடுத்த வேடிக்கை இது. இதைத் தெரியாமல் நடந்த பிழை என்று என்னால் நம்ப முடியவில்லை. முதல் பத்து வருடம் வேண்டுமானால் கவனக்குறைவு என்று விடலாம், அப்புறம் எல்லாருக்கும் தெரியும்.

மைலேஜுக்காகவே செய்த கார் ஒன்றின் கதையையும் பார்த்துவிடலாம். 1990-ல் வந்த ஜியோ மெட்ரோ எக்ஸ்எஃப்ஐ. ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், 49 குதிரைத் திறன். ஜெனரல் மோட்டார்ஸ் பெயரில் விற்றாலும் அது ஜப்பானின் சுசூகி கல்டஸ்தான். அதே குடும்பத்து செடான்தான் இங்கே மாருதி 1000 என்றும் எஸ்டீம் என்றும் ஓடியது. அன்றைய அரசுக் கணக்கில் ஊருக்குள் லிட்டருக்கு 22, நெடுஞ்சாலையில் 24 கிலோமீட்டருக்கு மேல். இன்றைய கறாரான கணக்குக்கு மாற்றினாலும் சராசரி 20 வருகிறது. 2024-ல் அமெரிக்காவில் விற்ற, ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இழுப்பது) அல்லாத பெட்ரோல் கார்களில் முதலிடத்தில் இருந்த மிட்சுபிஷி மிராஜ் கொடுத்தது 16.6. முப்பத்துநான்கு வருடத்துக்கு முந்தைய காரைத் தொட முடியவில்லை.

எக்ஸ்எஃப்ஐ ஏன் நிலைக்கவில்லை? பெட்ரோல் காலன் ஒரு டாலருக்கு விற்கும் ஊரில் யாரும் அதைத் தேடி வரவில்லை. மேட்டில் ஏற மூச்சு வாங்கும், ஏர்பேக் பேச்சுக்கே இடமில்லை, பக்கத்தில் ஒரு பிக்கப் டிரக் போனால் கார் ஆடும். மிச்சமாகும் பணம் இந்தக் கஷ்டத்துக்கு ஈடாகவில்லை.

இன்ஜினியர்கள் எடுத்துக் கொடுத்த முன்னேற்றம் எல்லாம் எங்கே போனது என்பதை கிறிஸ்டோபர் நிட்டல் என்ற பொருளாதார அறிஞர் 2011-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். 1980-லிருந்து 2006 வரை எடையையும் குதிரைத் திறனையும் அப்படியே வைத்திருந்தால், அமெரிக்கக் கார்களின் மைலேஜ் கிட்டத்தட்ட 60 சதவீதம் ஏறியிருக்கும். ஏறியது 15 சதவீதம்தான். அதே காலத்தில் எடை கால் பங்கு கூடியது, குதிரைத் திறன் இரட்டிப்பானது. சம்பளம் வருடா வருடம் ஏறியும் கையில் காசு நிற்காத குடும்பத்தின் கணக்கு இது. வரவில் குறை இல்லை, வந்ததெல்லாம் வேறு செலவுக்குப் போய்விட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் நின்ற இடத்திலிருந்து 96 கிலோமீட்டர் வேகத்தைத் தொடச் சராசரி அமெரிக்கக் காருக்குச் சுமார் 14 விநாடி ஆயிற்று. இப்போது எட்டுக்கும் குறைவு. அன்றைக்கு அது பந்தயக் கார் ஓட்டுபவர்களின் ஆசை, இன்றைக்கு ஸ்கூலுக்குப் பிள்ளையை விடப் போகும் வண்டியில் இருக்கிறது.

எடை கூடியதற்கு எப்போதும் சொல்லும் காரணம் பாதுகாப்பு. கதவுக்குள் இரும்புச் சட்டம், ஏர்பேக், மோதினால் நொறுங்கி ஆளைக் காக்கும் முன்பக்கம், எல்லாம் எடைதான், வேண்டிய எடைதான். ஆனால் முழுப் பழியையும் இதன் தலையில் போடுவது சாமர்த்தியமான சாக்கு. 2005-ல் வந்த முதல் ஸ்விஃப்ட் ஆயிரம் கிலோ பக்கம் இருந்தது. ஆறு ஏர்பேக்கோடு 2024-ல் வந்த ஸ்விஃப்ட் தொள்ளாயிரம் சொச்சம்தான், சோதனை மைலேஜ் லிட்டருக்கு 24.8. உயர்தர எஃகு இருந்தால் காரை இளைக்க வைக்கலாம். இளைத்த காரை வாங்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஊர்க் கதை கொஞ்சம் மாறும். இங்கே பெட்ரோல் மலிவாக இருந்ததே இல்லை. ‘லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?’ என்பதுதான் விலைக்கு அடுத்து வரும் கேள்வி. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, 796 சிசி இன்ஜினோடு 650 கிலோ பக்கம் எடை. ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு ஊட்டிக்குப் போனார்கள். 2006 முதல் நான்கு மீட்டருக்குள் இருக்கும் சின்ன இன்ஜின் கார்களுக்கு வரிச் சலுகை கொடுத்ததும் இந்தியக் கார்களை ஓரளவு கட்டுக்குள் வைத்தது. ஆனால் அந்தச் சட்டம் நீளத்தை அளந்தது, உயரத்தையும் எடையையும் அளக்கவில்லை. அதே நான்கு மீட்டருக்குள் 1,200 கிலோ எடை, 120 குதிரைத் திறன், நிமிர்ந்த முகம் என்று எஸ்யூவி வந்துவிட்டது. இப்போது இந்தியாவில் விற்கும் பயணிகள் வாகனங்களில் பாதிக்கு மேல் அந்த ரகம். நிமிர்ந்த முகம் என்றால் எதிர்காற்றில் அகலமான நெஞ்சு. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். புறவழிச் சாலைகள் அகலமாகி எல்லாரும் நூற்றுப் பத்தில் போகும் காலத்தில் இதன் விலை இன்னும் கூடுகிறது.

இந்தியாவின் மைலேஜ் விதி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு கம்பெனியின் சராசரிப் புகையும் கிலோமீட்டருக்கு 130 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்குள் இருக்க வேண்டும், 2022 முதல் 113. இதன் சூத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் சுவாரசியமான ஓர் எண் இருக்கிறது. கனமான கார் விற்கும் கம்பெனிக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. எதைவிடக் கனம்? முதல் கட்டத்தில் சராசரிக் காரின் எடை 1,037 கிலோ என்று எழுதியிருந்தார்கள். இரண்டாம் கட்டத்தில் அந்த எண்ணையே உயர்த்தினார்கள். ஐந்து வருடத்தில் இந்தியக் கார் பெருக்கும் என்பதைச் சட்டமே முன்கூட்டி ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவும் 2011 முதல் நான்கு சக்கரங்களுக்கு நடுவே உள்ள பரப்பைப் பொறுத்து இலக்கு வைத்தது. பெரிய வண்டிக்குச் சின்ன இலக்கு. இதிலும் நியாயம் இல்லாமல் இல்லை, சின்ன கார் செய்யும் கம்பெனி சும்மா இருந்தே ஜெயித்துவிடக் கூடாதல்லவா. ஆனால் கார் பெருத்தால் தண்டனை இல்லை என்று ஆகிவிட்டது.

இன்னொரு விஷயம், ஸ்டிக்கரில் போட்ட மைலேஜ் வீட்டுக்கு வருவதில்லை. சோதனை, உருளைகள் மேல் காரை நிறுத்தி, ஏசியை அணைத்து, அடக்கமான வேகத்தில் நடக்கிறது. டேங்கை ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்க்கிற யாருக்கும் இந்த இடைவெளி தெரியும். ஐரோப்பாவில் இதை வருடா வருடம் அளந்தார்கள். 2001-ல் காகிதத்துக்கும் சாலைக்கும் 9 சதவீத வித்தியாசம், 2015-ல் 42. அதாவது அந்த வருடங்களில் ஐரோப்பா பெருமையாகக் காட்டிய முன்னேற்றத்தில் நல்ல பங்கு ஆய்வகத்தை விட்டு வெளியே வரவே இல்லை. இப்போது பங்கில் கிடைக்கும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனாலில் லிட்டருக்குள் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான், ஆகவே அதே இன்ஜின் அதே தூரத்துக்குக் கொஞ்சம் கூடக் குடிக்கும். இதற்காக வடிவமைக்காத கார்களுக்கு 6, 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. எத்தனால் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும் என்பதால் அமுக்க விகிதத்தைக் கூட்டி ஓரளவு மீட்கலாம். பழைய காருக்கு அந்த வழி இல்லை.

லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அளப்பதிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவர் லிட்டருக்கு 10 கொடுக்கும் காரை விட்டு 12 கொடுக்கும் காருக்கு மாறினால் 167 லிட்டர் மிச்சம். 20-லிருந்து 25-க்கு மாறினால் 100 லிட்டர்தான். கேட்பதற்கு இரண்டாவதுதான் பெரிய தாவலாகத் தெரியும். ஏற்கனவே நன்றாக ஓடும் சின்ன காரை இன்னும் நன்றாக்க ஒரு லட்சம் செலவானால், வாங்குபவர் அதைத் திரும்ப எடுக்கப் பத்து வருடம் ஓட்ட வேண்டும். அதே செலவைப் பெரிய வண்டியில் போட்டால் சீக்கிரம் திரும்பிவிடும். கம்பெனிகளும் அதைத்தான் செய்கின்றன.

பெட்ரோல் கார் மைலேஜில் இந்தக் காலத்தில் நடந்த ஒரே நிஜமான தாவல் ஹைப்ரிட் வழியாகத்தான் வந்தது. 1997 டிசம்பரில் ஜப்பானில் வந்த ப்ரியஸ், மேலே சொன்ன நஷ்டங்களில் எதையும் ஒழிக்கவில்லை, அவற்றுக்கு வேலையே இல்லாமல் செய்தது. சிக்னலில் இன்ஜின் அணைந்துவிடும். ஊர்ந்து போகும்போது மோட்டார் இழுக்கும், ஆகவே இன்ஜின் பாதி மூச்சில் ஓடும் நேரம் குறையும். பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றல் பாட்டரிக்குத் திரும்பும். சட்டென்று வேகமெடுக்கும் இழுவை மோட்டாரிடமிருந்து கிடைப்பதால், இன்ஜினை அட்கின்சன் முறைக்கு மாற்றலாம். இழுவை குறைவு, திறன் அதிகம். தனியாக அந்த இன்ஜினைக் காரில் வைத்தால் சாது மாடு போல நகரும், மோட்டாரோடு சேர்ந்தால் யாருக்கும் தெரியாது. இந்தியாவில் 2022-ல் வந்த கிராண்ட் விட்டாரா காரில், சின்ன மோட்டாரின் லேசான உதவி மட்டுமுள்ள பெட்ரோல் வகையின் சோதனை மைலேஜ் 21.1, முழு ஹைப்ரிட் 27.97. அதே கூடு, அதே இருக்கை. இதே முன்னேற்றத்தை இன்ஜினை மட்டும் தேய்த்துத் தேய்த்து எடுக்க வேண்டுமென்றால் இன்னும் இருபது வருடம் ஆகும்.

ப்ரியஸ் வந்து கால் நூற்றாண்டு தாண்டியும் இது ஏன் எல்லாக் காரிலும் இல்லை? விலை. ஓரிரு லட்சம் கூடுதல். அதோடு வரி: 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது இந்த ஹைப்ரிட் கார்களுக்கு செஸ்ஸோடு சேர்த்து 43 சதவீதம், சில வருடத்தில் மின்சாரக் காருக்கு 5. மின்சாரக் காரை ஊக்குவிப்பது சரிதான், ஆனால் நடுவில் இருந்த படியை அரசே எட்டாத உயரத்தில் வைத்தது எனக்கு இன்னும் புரியவில்லை.

இனிமேல் கம்பெனிகளிடம் இருக்கும் ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் பாட்டரிக்குத்தான் போகும். பெட்ரோல் இன்ஜினின் அடுத்த ஒன்றரைப் புள்ளிக்கு யாரும் ஆறு வருடம் செலவழிப்பார்கள் என்று தோன்றவில்லை. அமெரிக்காவில் 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், மைலேஜ் இலக்கைத் தவறவிடும் கம்பெனிகளுக்கான அபராதத்தைப் பூஜ்யமாக்கிவிட்டது. இலக்கு காகிதத்தில் இருக்கிறது, தவறினால் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம். இந்தியாவில் 2027-க்கான மூன்றாம் கட்ட விதியில் சின்ன கார்களுக்குத் தனிச் சலுகை வேண்டும் என்று சில கம்பெனிகளும், கூடவே கூடாது என்று மற்றவையும் மல்லுக்கட்டின. சூத்திரத்தில் அடுத்து எழுதப் போகும் சராசரி எடை எவ்வளவு என்பதைப் பார்த்தாலே யார் பக்கம் சாய்ந்தது என்று தெரிந்துவிடும்.